பில் ஒருவருக்கு, அனல் இன்னொருவருக்கு

28 வருடம் அரசு வேலை பார்த்தேன். அதில் கடைசி 11 வருடம் கணக்குப் பிரிவு. என் மேஜைக்கு வரும் காகிதங்களில் பாதி கரண்ட் பில்லாகத்தான் இருக்கும். எங்கள் அலுவலகம், அதன் கீழே வரும் சின்னச் சின்ன அலுவலகங்கள், இரண்டு மாணவர் விடுதிகள் என்று மொத்தம் 14 மின் இணைப்புகள். இணைப்பு எண் சரியா, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் யூனிட் ரொம்ப வித்தியாசப்படுகிறதா, அந்தச் செலவுக்கென்று ஒதுக்கிய கணக்கில், அதாவது ‘தலைப்பில்’, பணம் இருக்கிறதா, இந்த மூன்றைத்தான் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் பட்டியல் போட்டு, பச்சை மைக் கையெழுத்து வாங்கி, கருவூலத்துக்கு அனுப்பிவிடுவேன். அந்த யூனிட்டெல்லாம் எந்த அறையில், எந்த ஃபேனில், யார் தலைக்கு மேல் ஓடியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவும் இல்லை.

யோசிக்க வைத்தது அப்பா.

நான் ரிட்டையர் ஆன அடுத்த வருடம், மே மாதம். அப்பாவுக்கு 79 வயது, பழைய சர்க்கரை நோயாளி. காலில் புண் ஆறாமல் காய்ச்சல் வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த ஊர் என்பது வேண்டாம். வைத்தியத்தில் நான் குறை சொல்ல மாட்டேன், டாக்டர்களும் சிஸ்டர்களும் நன்றாகவே பார்த்தார்கள். கட்டில் கிடைத்தது மூன்றாவது மாடியில். அதற்கு மேல் மொட்டை மாடி.

முதல் நாள் பகலைச் சமாளித்துவிட்டோம். வெயில் காலத்தில் பகல் சுடத்தானே செய்யும். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. வெளியே வராந்தாவில் நல்ல காற்று. வார்டுக்குள் காலடி வைத்தால் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கிறது. கூட இருக்க வந்தவர்கள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். நோயாளி போக முடியாது, அவர் கையில் டிரிப்ஸ். அப்பா துண்டை நனைத்து நெஞ்சில் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் துண்டு காய்ந்துவிடும்.

என் தம்பி ஏசி மெக்கானிக். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து அப்படியே பையோடு வந்தான். பைக்குள் டெம்பரேச்சர் கன் இருந்தது. கொரோனா சமயத்தில் எல்லோர் நெற்றியிலும் நீட்டினார்களே, அதே ஜாதி, ஆனால் சுவர், குழாய் எல்லாம் அளக்கக்கூடியது. விளையாட்டாக வார்டின் மேல் கூரையைப் பார்த்து நீட்டினான். 42 டிகிரி என்று காட்டியது. மணி எட்டே கால். வராந்தாச் சுவரில் நீட்டினான், 32.

“அக்கா, இது கூரை இல்ல, தோசைக்கல்லு. கவுத்துப் போட்டிருக்கு.”

“ஃபேன் போட்டிருக்கே, டா.”

“ஃபேன் என்னக்கா பண்ணும்? மேல நிக்கிற அனலைப் புடிச்சுக் கீழ தள்ளும், அவ்வளவுதான்.”

அவன் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன். ஐந்தாறு அங்குல கான்கிரீட் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலைக் குடிக்கிறது. குடித்த சூடு மறுபக்கம் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அதனால் சூரியன் போன பிறகுதான் கீழே இருப்பவர்களுக்குப் பரிமாறல் ஆரம்பிக்கிறது. கூரையின் அடிப்பக்கம் 42 டிகிரி என்றால், படுத்திருப்பவர் உடம்புக்கு அது நேராக அனல் அடிக்கிற அடுப்பு. காற்றின் சூடு வேறு, இந்தக் கதிர்ச்சூடு வேறு. காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வயதானவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. சர்க்கரை, இருதய நோய், நீர் பிரிய மாத்திரை என்று ஒவ்வொன்றும் உடம்பின் தாங்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். உடம்பு சரியில்லாதவர்களை ஒரே இடத்தில் சேர்த்துவைக்கிற கட்டடம்தான் ஆஸ்பத்திரி. அதன் மேல் மாடி இப்படி.

மூன்றாம் நாள் அப்பா கொஞ்சம் பிதற்றினார். என் சித்தி பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்றார்கள், டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டினார்கள். அன்று ராத்திரி டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் ஒருவர், யாரிடமும் கேட்காமல், கீழ்த்தளத்தில் காலியான ஒரு கட்டிலுக்கு அப்பாவை மாற்றிவிட்டார். “மே மாசம் வயசானவங்கள நான் மேல வைக்க மாட்டேம்மா” என்றார், அவ்வளவுதான். கீழே அப்பா காலை ஆறு மணி வரை தூங்கினார். அதே ஆஸ்பத்திரி, அதே மருந்து. நடுவில் இரண்டு மாடி.

இதை வீட்டுக் கதையாகவே வைத்திருந்திருப்பேன். பிறகு அகமதாபாத் சமாச்சாரத்தைப் படித்தேன். 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி அடித்தது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அங்கே ஒரு நகராட்சி மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல் மாடியில் இருந்தது. பிறந்த குழந்தைகள் சூட்டினால் காய்ச்சல் கண்டு தீவிர சிகிச்சைக்கு வருவது அதிகரித்ததை டாக்டர்கள் கவனித்தார்கள். கணக்குப் போட்டபோது, 42 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அப்படி வரும் குழந்தைகள் 43 சதவீதம் கூடியிருந்தது. அந்த வெயிலுக்குப் பிறகு வார்டைக் கீழே மாற்றினார்கள். மாற்றியது குழந்தைகளைக் காப்பாற்றியது என்று 2014இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். 2013இல் அகமதாபாத் கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டத்தைப் பார்த்துத்தான் பிறகு நாட்டில் பல ஊர்கள் எழுதிக்கொண்டன.

எங்கள் சிஸ்டருக்கு அந்தக் கட்டுரை தெரிந்திருக்காது. தெரியவும் வேண்டாம், அவருக்குக் கட்டில் தெரியும். ஆனால் எல்லா நோயாளிகளையும் கீழே இறக்க முடியாது. யாரோ ஒருவர் மேல் மாடியில் படுத்துத்தான் ஆகவேண்டும். அப்புறம் செய்ய வேண்டியது கூரைக்கு.

இது நமக்குத் தெரியாத வித்தையா? கோடையில் கோயிலுக்குப் போனால் பிரகாரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பாதை இருக்கும். அதை விட்டுக் கருங்கல்லில் கால் வைத்துப் பாருங்கள், துள்ளிக்கொண்டு வெள்ளைக்கே வருவீர்கள். உள்ளங்காலுக்கு அறிவியல் நன்றாகத் தெரிகிறது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுப்பு வாங்கி வைத்துக்கொள்ளும். சாமி கும்பிட வருகிறவர் பாதத்துக்கு யோசித்த நாம், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் தலைக்கு மேலே இருக்கும் தளத்துக்கு யோசிக்கவில்லை.

பழைய கொத்தனார்கள் யோசித்தார்கள். தளம் போட்டதும் அப்படியே விடமாட்டார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, சுருக்கி போடுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான் இதெல்லாம், ஆனால் வெயிலும் சுலபத்தில் இறங்காது. என் சின்ன வயதில் எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் அப்படிப்பட்ட கட்டடம். 15 அடி உயரம், சுற்றிலும் வராந்தா, கூரையை ஒட்டி வென்டிலேட்டர். மே மாதம் பட்டா வாங்கப் போனவர்கள் வேலை முடிந்தும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு வந்த கட்டடங்களில் உயரம் குறைந்தது, வராந்தா குறைந்தது, சுருக்கி காணாமல் போனது. 20 வருடத்தில் தளம் ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகினால் என்ன செய்வார்கள்? தார் ஷீட் ஒட்டுவார்கள். கன்னங்கரேல் என்று. ஒழுகல் நிற்கும், கீழே அடுப்பு பற்றிக்கொள்ளும். மழைக்கு ஒரு கோப்பு இருக்கிறது; புகார் வரும், மதிப்பீடு போடுவார்கள், வேலை நடக்கும். வெயிலுக்குக் கோப்பு கிடையாது. சொட்டினால் வாளி வைத்துக் காட்டலாம், சூட்டை எந்த வாளியில் பிடித்துக் காட்டுவது?

பள்ளிக்கூடங்களைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியின் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கொட்டகை கூடாது என்று எடுத்தார்கள். எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பல இடங்களில் கீற்று போன இடத்தில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வந்தன. தென்னங்கீற்று தீப்பிடிக்கும், ஆனால் அதன் அடியில் உட்காரலாம். தகரம் தீப்பிடிக்காது, அதன் அடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு யாரும் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க முடியாது. அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணையும் அவர்கள் ஊர் வெயிலையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2020இல் வந்தது. பள்ளி ஆண்டு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், அதாவது நம் அளவில் அரை டிகிரிக்குச் சற்று மேல், அந்த வருடப் படிப்பில் ஒரு சதவீதம் குறைகிறது, வகுப்பில் ஏசி இருந்தால் அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை என்கிறது. நம் பிள்ளைகள் வெயிலுக்குப் பழகியவர்கள்தான். பழகுவது வேறு, படிப்பது வேறு.

தம்பி படித்த ஊர்ப் பள்ளியில் பழைய மாணவர்கள் சேர்ந்து போன வருடம் ஒரு வேலை செய்தார்கள். மூன்று வகுப்பறைத் தளத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்தார்கள். வெயிலைத் திருப்பும் தனிப் பெயின்ட் கடையில் கிடைக்கிறது, சதுர அடிக்கு 30 ரூபாய் மாதிரி விலை கேட்டார்கள். அவ்வளவு பணம் சேரவில்லை. ஆகவே கிளிஞ்சல் சுண்ணாம்பு, ஒட்டுவதற்குப் பசை, இரண்டு கோட்டிங். மழைக்கு முக்கால்வாசி கரைந்துபோகும், வருடா வருடம் அடிக்கவேண்டும், அது உண்மை. அடித்து முடித்த மறுநாள் மத்தியானம் தம்பி மாடியில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு வீடியோ கால் போட்டான். பக்கத்துக் கட்டடத்தின் சுண்ணாம்பு அடிக்காத தளத்தில் ஒரு கால் வைத்துக் காட்டினான். “ஐயோ” என்று அவன் துள்ளியதைப் பார்த்து என் பேத்தி திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள்.

தெலங்கானா இதை மாநிலக் கொள்கையாகவே 2023இல் கொண்டுவந்தது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்கூரையாக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எட்டுவார்களோ என்னவோ, ஆனால் காகிதத்தில் ஒரு எண் இருக்கிறது. எண் இல்லாமல் அரசாங்கத்தில் எதுவும் அசையாது என்பது 28 வருடம் இருந்த எனக்குத் தெரியும்.

அந்த எண் ஏன் நம் கணக்கில் வரவே இல்லை என்பதுதான் என்னைக் குடைந்தது. கணக்குப் பிரிவு ஆள் என்பதால் கணக்காகவே யோசித்தேன்.

ஆஸ்பத்திரி கரண்ட் பில் ஒரு தலைப்பில் போகிறது. கட்டடப் பராமரிப்பு வேறு தலைப்பு, பெரும்பாலும் வேறு துறை. ஃபேன் வாங்குவது தளவாடத் தலைப்பு. மருந்து இன்னொரு தலைப்பு. அப்பா மூன்றாம் நாள் பிதற்றினாரே, அதனால் கூடுதலாக ஏறிய டிரிப்ஸ், கூடுதலாக இருந்த நான்கு நாள், தம்பி போகாமல் விட்ட நான்கு நாள் வேலை, அவன் இழந்த கூலி, இதற்குத் தலைப்பே இல்லை. கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் லாபம் மருந்துக் கணக்கிலும் கரண்ட் கணக்கிலும் எங்கள் வீட்டுக் கணக்கிலும் வரும், செலவு மட்டும் பராமரிப்புக் கணக்கில் விழும். பராமரிப்புப் பிரிவுக்காரர் எதற்காக மெனக்கெடுவார்?

இதைவிட ஒரு படி மேலே சொல்கிறேன். ஒரு அலுவலகம் சிக்கனம் பிடித்து கரண்ட் செலவைக் குறைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான பணம் அந்த அலுவலகத்துக்கா கிடைக்கும்? மார்ச் மாதம் சரண்டர் செய்யவேண்டும். அடுத்த வருடம் “போன வருடமே இவ்வளவுதானே செலவானது” என்று ஒதுக்கீட்டைக் குறைப்பார்கள். நானே சொல்லியிருக்கிறேன். ஒரு விடுதிக் காப்பாளர் சொந்த அக்கறையில் பழைய டியூப் லைட்டையெல்லாம் மாற்றி பில்லைக் குறைத்தார். நான் அவர் ஒதுக்கீட்டை வெட்டினேன். விதிப்படி செய்தேன். அவர் முகம் இப்போது நினைவுக்கு வருகிறது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் இறந்தபின் கொடுக்கத் தலைப்பு வந்துவிட்டது, இறக்காமல் இருக்க மேலே வெள்ளை அடிக்கத் தலைப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

சரி, ஃபேனுக்கு வருவோம். கரண்ட் சிக்கனம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும், புது வகை மோட்டார் வைத்த ‘பிஎல்டிசி’ ஃபேன் 30 வாட்டில் அதே காற்று தரும். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். ஆஸ்பத்திரி வார்டில் ஃபேன் நிற்பதே இல்லை, வருடத்துக்கு 8,760 மணி நேரம். மிச்சம் 394 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 3,150 ரூபாய் சொச்சம். ஃபேன் விலையே 3,000தான், ஒரு வருடத்தில் முதல் திரும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் நாளைக்கு 8 மணி நேரம், 200 நாள். மிச்சம் 72 யூனிட், 576 ரூபாய். முதல் எடுக்க ஐந்து வருடம் ஆகும். அதே ஃபேன்தான். ஆகவே முதலில் வார்டு, அப்புறம் விடுதி, கடைசியில் வகுப்பறை என்று வரிசை போடவேண்டும். நடப்பது என்ன? எங்கே பணம் வந்ததோ அங்கே மாட்டுவார்கள்.

2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். ஆனால் டெண்டரில் ‘எல் ஒன்’தான் ஜெயிக்கும், அதாவது குறைந்த விலைக்காரர். குறைந்த விலை ஃபேன் குறைந்த நட்சத்திரம். வாங்கும்போது மிச்சப்பட்ட பணத்தைச் சீக்கிரமே கரண்ட் பில் தின்றுவிடும். அது வேறு தலைப்பாயிற்றே.

பிஎல்டிசி ஃபேனிலும் வில்லங்கம் இருக்கிறது. அதற்கு ரிமோட். ஒரு பள்ளியில் 12 ஃபேன் மாட்டி, 12 ரிமோட்டையும் பத்திரமாகத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவர் மீட்டிங் போன நாளில் எல்லா வகுப்பிலும் ஒரே வேகம். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் கார்டு போய்விட்டால் தெருமுனைக் கடையில் சரிசெய்ய முடியாது. பழைய ஃபேன் என்றால் கண்டன்சர் மாற்றினால் ஓடும். நம் ஆஸ்பத்திரிகளில் சோம்பலாகச் சுற்றும் ஃபேன்களில் பாதிக்கு வியாதி கண்டன்சர்தான், தம்பி பார்த்ததும் சொல்லிவிடுவான். அதை மாற்ற ஒரு ஸ்டூலும் பத்து நிமிடமும் போதும்.

எல்ஈடி பல்பு விஷயத்தில் மட்டும் அரசாங்கம் கணக்கை ஒரே இடத்தில் போட்டது. நாட்டுக்கே மொத்தமாகக் கொள்முதல் செய்ததில் 2014இல் 310 ரூபாயாக இருந்த பல்பு 2016க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. இன்று யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் ஜெயித்துவிட்டது.

ஆனால் ஒன்று. கூரையை அப்படியே விட்டுவிட்டு ஐந்து நட்சத்திர ஃபேன் மாட்டினால், அனலைக் குறைந்த செலவில் இறக்குகிறோம், அவ்வளவுதான். அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு மேலே எத்தனை நட்சத்திரம் சுற்றினாலும் 42 டிகிரி 42 டிகிரிதான். முதலில் தளம், பிறகு ஜன்னல், பிறகுதான் ஃபேன், கடைசியில் ஏசி. தம்பி ஏசியால் பிழைக்கிறவன், அவனே இந்த வரிசையைத்தான் சொல்கிறான். மேல் மாடியில் ஒன்றரை டன் கேட்கும் அறைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு டன் போதுமாம்.

மருந்துக் கிட்டங்கியும் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த அட்டைகள் பெட்டி பெட்டியாக, மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே அடுக்கியிருப்பதைப் பார்த்தவள் நான். மருந்து வீணானால் பில்லில் தெரியாது, நோய் குணமாகாமல் போவதில்தான் தெரியும்.

இப்போது ஜன்னல். என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியாக இருந்த அலுவலகம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஆறடி ஜன்னல்கள், கூரை ஓரம் வட்ட வென்டிலேட்டர். என் காலத்தில்தான் அதிகாரி அறைக்கு ஏசி போட்டார்கள். உயரமான அறை குளிராதாம், ஆகவே ஃபால்ஸ் சீலிங். வென்டிலேட்டர் அதற்கு மேலே போய்விட்டது, இப்போது அது வௌவாலுக்குத்தான் பயன். ஜன்னலுக்குப் பிளைவுட். பிறகு எங்கள் ஹாலுக்கும் ஏசி வந்தது. அதே வைத்தியம். 22 பேர், இரண்டு ஏசி, 18 டிகிரி. எங்களில் மூன்று பேர் எப்போதும் ஸ்வெட்டர். புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று 2020இலிருந்து விதி, ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. எங்கள் ஹாலில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் விதி.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. 22 பேர் விட்ட மூச்சை 22 பேரும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருவருக்குச் சளி பிடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் வரிசை முழுக்க இருமும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும், அடைத்த அறையில் ஆட்கள் நிறைந்தால் 1,000, 2,000 என்று ஏறும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015இல் 24 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். வழக்கமான அலுவலகக் காற்றில் இருந்த நாளைவிட, வெளிக்காற்றை நன்றாக விட்ட நாளில் யோசித்து முடிவெடுக்கும் சோதனையில் மதிப்பெண் ஏறக்குறைய இரண்டு மடங்கு. படித்ததும் சிரிப்பு வந்தது. மத்தியானம் மூன்றரைக்கு மேல் போட்ட கூட்டலை மறுநாள் காலையில் ஒரு தடவை சரிபார்ப்பது என் பழக்கம். அடிக்கடி தப்பாகத்தான் இருக்கும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இது தலைவலியோடு போகாது. உலகத்துக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1950க்கு முன் கட்டிய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள வார்டுகளில் ஜன்னல் கதவைத் திறந்துவைத்தால் மணிக்கு 40 முறை காற்று முழுதாக மாறியது. பின்னால் கட்டியவற்றில் 17 முறை. இயந்திரம் வைத்துக் காற்று மாற்றிய அறைகளில் கணக்கு 12தான். மருந்து தொடங்காத காசநோயாளிகளோடு ஒரு நாள் முழுக்க இருந்தால் தொற்று ஒட்டும் வாய்ப்பைக் கணித்தார்கள். பழைய வார்டில் 11 சதவீதம், புதியதில் 33, இயந்திர அறையில் 39. ஒரு யூனிட் கரண்ட் செலவில்லாத ஜன்னல் ஜெயித்தது. தாம்பரத்தில் 1928இல் காசநோய் சானடோரியம் தொடங்கிய டேவிட் சௌரி முத்து இதைப் படித்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார், அவர் வைத்தியத்தில் பாதி திறந்த காற்றுதான்.

லிமாவின் குளிரும் நம் மே மாதமும் ஒன்றல்ல, தெரியும். ஜன்னலைத் திறந்தால் நமக்கு அனலும் கொசுவும் சேர்ந்து வரும். அதற்குத்தான் கொசுவலை, ஜன்னல் மேல் சரிவு, வராந்தா, மரம். ஆபரேஷன் தியேட்டருக்கு ஏசி வேண்டும், யார் இல்லை என்றது? பிளைவுட் அடித்த ஜன்னலும் தார் பூசிய கூரையும் இருக்கிற கட்டடத்துக்கு ஏசியை மருந்தாக எழுதிக்கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

போன செப்டம்பரில் ஓய்வூதிய நேர்காணலுக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இதற்கும் வேண்டாம். ஹாலில் என்னைப்போல 30, 40 பேர், எல்லோரும் 60க்கு மேல். டோக்கன் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேலே நான்கு ஃபேன், அதில் இரண்டு கண்டன்சர் கேஸ். கிழக்குச் சுவர் முழுக்க இரும்பு பீரோ. அந்தச் சுவரில் ஜன்னல் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், வெளியே நின்றபோது பார்த்திருந்தேன்.

என் முறை வந்ததும் கவுன்டர் பையனிடம் கேட்டேன், “தம்பி, அந்த பீரோவுக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கில்ல?”

“இருக்கா மேடம்? நான் வந்து மூணு வருஷம் ஆச்சு.”

“பீரோவில என்ன இருக்கு?”

“எந்த வருஷத்து ஃபைல்னே தெரியல மேடம். சாவியும் இல்ல.”

பின்னால் இருந்த ஒரு ரிட்டையர்டு டிரில் மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். அவர் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம், ஆபீஸ் உதவியாளர் நடுவில். கிறீச்சென்று இரண்டடி நகர்த்தினார்கள். பின்னால் ஒட்டடைக்குள் ஜன்னல் இருந்தது, மேலே 1997ஆம் வருடக் காலண்டர் ஒன்று ஆணியில் தொங்கியது. கொக்கி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. டிரில் மாஸ்டர் செருப்பைக் கழற்றி இரண்டு தட்டுத் தட்டினார். வெளியே வேப்பமரம்.

காற்று வந்த வேகத்தில் கவுன்டர் மேலிருந்த காகிதமெல்லாம் பறந்தது. “யாராவது ஒரு வெயிட்டு வைங்க!” என்று பையன் கத்தினான். நான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்ட என் சான்று, ஃபேனுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் போய் விழுந்தது.